புளியமரத்தில் கட்டிய ஆயுதங்கள்

அந்த வருடம் கித்தா என்கிற ரப்பர் மரங்கள் இலை உதிர்த்து, மறுபடி துளிர்க்க வேண்டிய காலம் வந்த பிறகும் மொட்டையாகவே நின்றன. மழை இல்லை. லயத்துக் கிணற்றில் வாளியை இறக்கினால் கல்லில் மோதும் சத்தம்தான் கேட்டது. ஆறு இருந்தது. ஆனால் அது வேலிக்கு வெளியே இருந்தது.

வெள்ளைக்கார அரசாங்கம் அவசரகாலம் என்று சட்டம் போட்டு, தோட்டத்தில் அங்கங்கே இருந்த வரிசை வீடுகளான லயங்களை ஒரே இடத்தில் கூட்டிச் சுற்றிலும் முள்கம்பி வேலி அடித்திருந்தார்கள். காலையில் பட்டையைக் கீறிப் பால் எடுக்க, அதாவது பால் மரம் வெட்டப் போக வாசல் திறக்கும். மாலையில் மூடிவிடும். காட்டுக்குள் துப்பாக்கியோடு மறைந்திருந்தவர்களுக்கு ஒரு பிடி அரிசிகூடப் போய்ச் சேரக்கூடாது என்பதற்காக இந்த ஏற்பாடு என்றார்கள். வேலைக்குப் போகிறவர்கள் மதியச் சோற்றைக்கூடக் கொண்டுபோகக் கூடாது. காட்டில் இருந்தவர்களைப் பற்றி யாரும் சத்தமாகப் பேசமாட்டார்கள். 'உள்ளே இருக்கிறவங்க' என்பார்கள். அவ்வளவுதான்.

மழை வேண்டுமென்றால் எங்கள் தோட்டத்தார் அறிந்த வழி ஒன்றுதான். மாரியம்மன் கோயிலில் பாரதம் படிக்க வேண்டும். அதிலும் விராட பருவம் படிக்க வேண்டும். படிக்கிறவர் என் மாமா, அம்மாவின் அண்ணன். மற்ற நேரத்தில் அவரும் எல்லாரையும்போல ஒட்டுப்பால் நாற்றமடிக்கும் சட்டை போட்ட மரம் வெட்டும் ஆள்தான். குளித்து, நெற்றி நிறையத் திருநீறு பூசி, அந்தத் தடித்த புத்தகத்தின் முன் உட்கார்ந்தால் வேறு ஆளாகிவிடுவார். குரலே மாறிவிடும். பாட்டை ராகத்தோடு படித்து, பிறகு அர்த்தம் சொல்வார். கதை சொல்வதுபோல இருக்காது. நேற்றுப் பக்கத்துத் தோட்டத்தில் நடந்ததைப் பார்த்துவிட்டு வந்து சொல்வதுபோல இருக்கும். எனக்கு உடம்பு சிலிர்த்துக்கொண்டே இருக்கும்.

பாரதம் இரவில் படிக்க வேண்டியது. ஊரடங்கு அதைப் பிற்பகலுக்கு இழுத்து வந்துவிட்டது. பாலை எடை போட்டு முடித்து, குளித்துச் சாப்பிட்டு, ஜனங்கள் கண்ணைக் கூசவைக்கும் வெயிலில் கோயிலுக்கு வருவார்கள்.

சூதாட்டத்தில் நாட்டைத் தோற்ற ஐந்து பேரும் பன்னிரண்டு வருடம் காட்டில் இருந்தாகிவிட்டது. அடுத்த ஒரு வருடம் யாருக்கும் தெரியாமல் ஒளிந்து வாழ வேண்டும். யாராவது கண்டுபிடித்துவிட்டால் மறுபடியும் பன்னிரண்டு வருடம் காடு. அதனால் ஆயுதங்களை ஒரு மூட்டையாகக் கட்டி, பிணம்போலத் துணி சுற்றி, சுடுகாட்டு வன்னி மரத்தில் தொங்கவிட்டுவிட்டு, வேறு வேடம் போட்டுக்கொண்டு விராட நாட்டுக்குப் போகிறார்கள். இதுதான் அந்தப் பருவம்.

மாமா இதை வெறுமனே படித்துவிட்டுப் போகமாட்டார். படிப்புத் தொடங்குமுன் மரத்தால் செய்த வில், வாள், கதாயுதம் எல்லாவற்றையும் வெள்ளைத் துணியில் சுற்றி, எங்கள் இடுகாட்டு மரத்தில் கட்டுவார். அர்ச்சுனன் அதைக் கேட்கும் கட்டம் வரும்போதுதான் இறக்க வேண்டும். அதுவரை தோட்டத்தில் யாரும் அந்த ஐந்து பெயர்களையும் கோயிலுக்கு வெளியே உச்சரிக்கக் கூடாது. எங்கள் லயத்தில் அர்ச்சுனன் என்று ஒரு பையன் இருந்தான். அந்த நாட்களில் அவன் அம்மா அவனை "ஏய்" என்றுதான் கூப்பிடுவாள். பள்ளிக்கூடத்தில் வாத்தியாரும் பெயர் கூப்பிடும்போது அவனைத் தாண்டிப்போய்விடுவார்.

அந்த ஆயுதங்களைச் செய்து கொடுத்தவர் என் அப்பா. அவர் தோட்டத்துத் தச்சர். பாரதத்தில் ஓர் எழுத்தைக்கூட நம்பாதவர். திருநீறு பூசமாட்டார். அலோர் காஜா டவுனுக்குப் போனால் சீர்திருத்தப் பத்திரிகைகள் வாங்கி வருவார். ஆனாலும் மாமா கேட்டுவிட்டால் நல்ல பலகையாகப் பார்த்து எடுத்து, செதுக்கி, பளபளவென்று தேய்த்துக் கொடுப்பார். கொடுக்கும்போது வாய் சும்மா இருக்காது.

"கதையைக் கொஞ்சம் இளைக்கச் செதுக்கியிருக்கேன் மச்சான். ரேஷன் காலம். அதைத் தூக்குறவரும் மெலிஞ்சுதானே இருப்பாரு?"

"பேசு, பேசு. எல்லாம் நடந்தது. ஒரு அட்சரம் பொய் இல்லை."

"நடந்ததா? வன்னி மரத்துல கட்டினாங்கன்னு படிக்கிறே. நீ கட்டுறது புளியமரம். எந்த வன்னியில புளி காய்க்குது லா?"

"இங்க வன்னிக்கு எங்க போறது? நான் கட்டின நிமிசத்துல இருந்து அது வன்னிதான்."

எங்களுக்கும் அப்படித்தான். மூட்டை தொங்குகிற நாட்களில் அந்த மரத்துப் புளியை ஒரு பிள்ளையும் பொறுக்கமாட்டான். படிப்பு நடக்கும்போது அப்பா கோயிலுக்குள் வரமாட்டார். வெளியே சைக்கிளைச் சாய்த்துவைத்துக்கொண்டு பீடி குடிப்பார். கேட்டால், காற்று வாங்குகிறேன் என்பார். ஒரு காற்றும் இல்லாத நாளிலும் அப்படித்தான் சொல்வார்.

நான் மாமாவின் கட்சி. எனக்கு அது கதையே இல்லை. முள்வேலி ஓரமாக நின்று தூரத்துக் காட்டைப் பார்ப்பேன். பெரியவர்கள் குரலைத் தாழ்த்திச் சொன்ன 'உள்ளே இருக்கிறவங்க' யாரென்று தோட்டத்தில் எனக்கு மட்டும் தெரியும் என்று நினைத்துக்கொள்வேன். சாயங்கால வெளிச்சத்தில் கித்தா மரங்களின் நிழல்கள் நீளும்போது, அந்த வரிசைகளுக்கு நடுவே உயரமான ஐந்து பேர் நடந்துபோவதைப் பார்த்தும் இருக்கிறேன். இன்றைக்குக் கேட்டாலும் பார்க்கவில்லை என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது.

அந்த வருடம் இடுகாடு வேலிக்கு வெளியே போய்விட்டது. மாமா மூட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். காவலுக்கு நின்ற மலாய்க்காரர் எங்களுக்குப் பழக்கமானவர். தடியால் மூட்டையைத் தட்டிப் பார்த்தார். கட்டை சத்தம் கேட்டது. சிரித்துக்கொண்டு போகச் சொன்னார். மூட்டையின் தலைப்பக்க முடிச்சில் ஒரு பிடி பச்சரிசி இருந்தது அவருக்குத் தெரியாது. பிணம் என்று கட்டியபின் வாய்க்கரிசி இல்லாமல் எப்படி? வருடா வருடம் வைப்பதுதான். அரிசியை வேலிக்கு வெளியே கொண்டுபோனால் சிறை என்பது எல்லாருக்கும் தெரியும். மாமாவுக்கும் தெரியும். ஆனால் அது அரிசி என்று அவருக்குத் தோன்றவே இல்லை. அது வாய்க்கரிசி.

படிப்பு பாதி நடந்திருந்தது. ஒரு நாள் விடிந்தபோது பெரட்டுக் களத்திலேயே எல்லாரையும் நிறுத்திவிட்டார்கள். வேலைக்கு ஆள் எடுக்கும் அந்த இடத்தில் பெண்கள், பிள்ளைகள் எல்லாரையும் கொண்டுவந்து வரிசையாக நிற்கவைத்தார்கள். வேறு எங்கிருந்தோ ரோந்து வந்த பட்டாளத்தார் மூட்டையைக் கண்டு இறக்கிவிட்டிருந்தார்கள். மேசைமேல் வெள்ளைத் துணி விரிந்து கிடந்தது. வில்லும் வாளும் கதையும் வெயிலில் கிடந்தன. பார்க்கக்கூடாத நேரத்தில் அவற்றைப் பார்த்துவிட்டேன். பக்கத்தில் ஒரு காகிதத்தில் அந்த ஒரு பிடி அரிசி. வெள்ளைக்கார அதிகாரி வாளைத் தூக்கி, வளைத்துப் பார்த்து, கீழே வைத்துவிட்டார். அரிசியைத்தான் பார்த்துக்கொண்டே இருந்தார். ஆயுதம் எல்லாம் மரம். அரிசி மட்டும் நிஜம்.

தோட்டத்து ஆபீஸ் கணக்கரான பெரிய கிராணி புதிதாக வந்தவர், சர்ச்சுக்குப் போகும் வேதக்காரர். எங்கள் வழக்கம் எதுவும் அறியாதவர். அவர்தான் அதிகாரி கேட்டதைத் தமிழில் சொன்னார்.

"யாரு கட்டினது? யாருக்காகக் கட்டினது? வாயைத் தொறங்க."

அத்தனை பேரும் வாயை மூடிக்கொண்டு நின்றார்கள். ஒரு வார்த்தை சொன்னால் போதும், அந்த ஐந்து பெயர்களைச் சொன்னால் போதும், அதிகாரி சிரித்துவிட்டுப் போயிருப்பார். ஆனால் ஒளிந்திருக்கிறவர்களின் பெயரை எப்படிச் சொல்வது? பருவம் முடியவில்லையே. சின்னப் பையன் அர்ச்சுனன் பயத்தில் அழத் தொடங்கினான். அவன் அம்மா அவன் வாயைப் பொத்தினாள்.

மாமா முன்னால் வந்தார். "நான் கட்டினேன்."

"இந்த ஆயுதம் யாருது?"

மாமா பேசவில்லை.

"அரிசி யாருக்கு?"

பேசவில்லை.

"மறைஞ்சிருக்கிறது யாரு? எங்கே இருக்காங்க?"

மாமா கையைக் கட்டிக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டார். அவர் உதடு அசைந்தது. அம்மன் பெயரைச் சொல்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. அதிகாரியின் முகம் சிவந்துவிட்டது. காட்டு ஆட்களுக்குத் துணை போகிறவர்கள் இப்படித்தான் வாயைத் திறக்கமாட்டார்கள் என்று அவருக்குச் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். இரண்டு போலீஸ்காரர்கள் மாமாவின் கையைப் பிடித்தார்கள்.

அப்போது அப்பா வரிசையை விட்டு வந்தார். எனக்குச் சந்தோஷம் ஒரு பக்கம், திகில் ஒரு பக்கம். அப்பா நம்பாதவர். அவருக்கு எந்தத் தடையும் இல்லை. பெயரைச் சொல்லிவிடுவார், மாமா பிழைத்துக்கொள்வார். ஆனால் அவர்கள் ஐந்து பேரும் மறுபடி காட்டுக்குப் போக வேண்டும்.

"அவரை விடுங்க. அவரு புத்தகம் படிக்கிற ஆளு," என்றார் அப்பா. "செஞ்சது நான். கட்டினதும் நான். அரிசியும் நான் வச்சதுதான்."

"யாருக்கு?"

"பொணத்துக்கு. வாய்க்கரிசி."

"யாரு செத்தது?"

அப்பா மாமாவைத் திரும்பிப் பார்த்தார். பிறகு அதிகாரியைப் பார்த்து, "யாரும் சாகலை துரை," என்றார். அதற்குமேல் அவரும் பேசவில்லை.

மாமா ஏதோ சொல்ல வாயெடுத்தார். "நீ சும்மா இரு மச்சான். உனக்குப் படிப்பு இருக்கு," என்றார் அப்பா. மேசைமேல் இருந்தவற்றை மூட்டையாகக் கட்டினார்கள். மூட்டையையும் அப்பாவையும் ஒரே லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

அன்று பிற்பகல் ஜனங்கள் கோயிலுக்கு வந்தார்கள். மாமா வந்தார், புத்தகத்தின் முன் உட்கார்ந்தார். பிரிக்கவில்லை. மறுநாளும் அப்படியே. மழைக்குப் படிக்கத் தொடங்கிவிட்டு நடுவில் நிறுத்தினால் தோட்டத்துக்கே ஆகாது என்று ஆட்கள் முணுமுணுத்தார்கள். அவர் காதில் எதுவும் ஏறவில்லை.

சந்தேகத்தில் பிடித்தவர்களைக் கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பிவிடுகிறார்கள் என்ற பேச்சு அப்போது எல்லா லயத்திலும் இருந்தது. அப்பா பிறந்தது இதே தோட்டத்தில். இந்தியாவில் எந்த ஊரில் இறங்குவது என்றுகூட அவருக்குத் தெரியாது. அம்மா இரண்டு நாள் அழுதாள். மூன்றாம் நாள் அழுகையை நிறுத்திவிட்டு என்னையும் இழுத்துக்கொண்டு கோயிலுக்குப் போனாள்.

"அண்ணே, ஒண்ணே ஒண்ணு கேக்கிறேன். அந்த அஞ்சு பேரும் திரும்பக் காட்டுக்குப் போனா, பன்னெண்டு வருசத்துல வந்துருவாங்க இல்ல?"

"ம்."

"இவரைக் கப்பல்ல ஏத்திட்டா, எத்தனை வருசத்துல வருவாரு? உன் புத்தகத்துல பார்த்துச் சொல்லு."

மாமா வெகுநேரம் புத்தகத்தின் அட்டையைத் தடவிக்கொண்டிருந்தார். மறுநாள் காலை வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, திருநீறு இல்லாத நெற்றியோடு, சாமான் வாங்கப் போகும் தோட்டத்து லாரியில் ஏறினார். சாயங்காலம் வாசல் மூடுமுன் தனியாக வந்தார்.  சாப்பிடவில்லை.

அப்பா அதற்கு மறுநாள் வந்தார். பள்ளி விட்டு நான் வாசலருகே நின்றுகொண்டிருந்தேன். செம்மண் பாதையில் தூரத்தில் ஓர் ஆள் நடந்து வந்தார். தோளில் வெள்ளை மூட்டை. சவரம் செய்யாத முகம். நான் காவலரைக் கேட்காமலே வெளியே ஓடினேன். அவர் என் தலையைத் தடவினார். ஆனால் லயத்துப் பக்கம் திரும்பவில்லை. நேராக இடுகாட்டுக்கு நடந்தார்.

"போய் மாமாவைக் கூட்டிட்டு வா. அம்மாகிட்ட அப்புறம் சொல்லலாம்."

நான் மாமாவோடு திரும்பியபோது அப்பா புளியமரத்தின் மேல் இருந்தார். துணியை முன்பு இருந்ததுபோலவே, தலை, கால் தெரியச் சுற்றிக் கட்டியிருந்தார். கோயில் வாசற்படி ஏறாத என் அப்பா கிளையில் கவிழ்ந்து படுத்துக்கொண்டு, கயிற்றைப் பல்லால் இழுத்து முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார். 

மாமா மரத்துக்குப் பத்தடி தள்ளியே நின்றுவிட்டார். "இறக்கு மச்சான். இனிமே அதை அங்க கட்டி என்ன? நான் சொல்லிட்டேன்."

அப்பா முடிச்சை இறுக்கினார்.

"அஞ்சு பேரையும் சொன்னேன். அதோட விடலை. பழைய கதைங்க, அப்படி யாரும் இல்லைங்கன்னேன். என் வாயாலயே சொன்னேன்."

"தெரியும். ஸ்டேஷன்ல சொன்னாங்க."

"தெரிஞ்சுமா ஏறினே? பேரு வெளிய வந்தாச்சு. எல்லாம் போச்சு. நான் இனிமே அந்தப் புத்தகத்தைத் தொடமாட்டேன்."

அப்பா கிளையில் உட்கார்ந்து காலைத் தொங்கப்போட்டார்.

"மச்சான், எதிரிப் படை மாடு பிடிக்க வந்த அன்னிக்கு அர்ச்சுனன் தேர்ல ஏறி வெளிய வந்துட்டான். துரியோதனன் குதிச்சான். கண்டுபிடிச்சாச்சு, நட காட்டுக்குன்னான். அப்போ பீஷ்மரு என்னா சொன்னாரு?"

அந்தப் பெயரை, அந்த இடத்தில், பட்டப்பகலில், அப்பா உரக்கச் சொன்னார்.  எதுவும் ஆகவில்லை. ஒரு காக்கை மட்டும் பறந்துபோனது.

மாமா காக்கை போன திசையைப் பார்த்தார்.

"சொல்லு மச்சான். படிக்கிறவன் நீதானே? என்னா சொன்னாரு?"

"கெடு முடிஞ்சுபோச்சுன்னாரு," என்றார் மாமா. குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்ததுபோல இருந்தது.

"ஆங். அஞ்சு வருசத்துக்கு ரெண்டுன்னு ஏறின மாசத்தை எல்லாம் கூட்டிப் பார்த்தா கெடு எப்பவோ முடிஞ்சாச்சு, அவன் அதுக்கு அப்புறம்தான் வெளிய வந்தான்னாரு. நீ வாயைத் தொறந்ததும் அப்புறம்தான். ஒரு குத்தமும் இல்லை. போய்ப் படி."

மாமா அண்ணாந்து பார்த்தார். "நீ நம்புறியா?"

அப்பா மரத்திலிருந்து இறங்கினார். வேட்டியில் ஒட்டிய பட்டைத்தூளைத் தட்டினார். "நான் நம்பி என்னா ஆவப்போவுது? வா, பசிக்குது."

"வாய்க்கரிசி?" என்றார் மாமா மெல்ல.

"வேணாம்யா. இந்தத் தடவை பொணத்துக்குப் பசி இல்லை."

மாமா சிரித்தார் என்றுதான் முதலில் நினைத்தேன். தோள் குலுங்கியது. அப்பா அவர் முதுகில் கையை வைத்து, என்னை முன்னால் போகச் சொன்னார்.

அன்று பிற்பகல் கோயிலில் இடமில்லை. அர்ச்சுனன் மரத்தில் ஏறி ஆயுதத்தை எடுக்கச் சொல்லும் கட்டத்தை மாமா படித்தார். முன்பெல்லாம் அந்த இடத்தில் அவர் குரல் முழங்கும். அன்று உடைந்து உடைந்து வந்தது. பெண்கள் கையெடுத்துக் கும்பிட்டார்கள். மேளத்தோடு போய் மூட்டையை இறக்கி வந்தோம். வாசலில் நின்ற மலாய்க்காரரும் தொப்பியைச் சரிசெய்துகொண்டு வழிவிட்டார். அப்பாவுக்கு இத்தனையும் தெரிந்திருக்கிறது, அப்பாவும் எங்கள் கட்சிக்கு வந்துவிட்டார் என்று நான் பூரித்துப்போனேன். மறுநாள் காலையில் திருநீற்றை எடுத்துக்கொண்டு போய் அவர் நெற்றிக்கு நேராக நீட்டினேன். "எடுத்துட்டுப் போடா," என்று ஊதிவிட்டார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

மழை அன்றைக்குப் பெய்யவில்லை. அதற்கு மறுநாளும் பெய்யவில்லை. படிப்பு நடுவில் நின்ற தோஷம் என்று சிலர் சொல்லத் தொடங்கியபோது, ஒரு விடியற்காலையில், பெரட்டுக்கு ஆட்கள் கூடிக்கொண்டிருந்த நேரத்தில் வந்தது. காட்டுப் பக்கமிருந்து இரைந்துகொண்டு வந்து லயத்துத் தகரக் கூரைமேல் விழுந்தது. மரம் நனைந்தால் பால் வெட்ட முடியாது. வேலை வாங்கும் மண்டோர் வானத்தைத் திட்டிக்கொண்டே ஆட்களைத் திரும்பிப் போகச் சொன்னார். அன்றைய கூலி போனதைப் பற்றி யாரும் பேசவில்லை. வாளி, அண்டா, சோற்றுப்பானை என்று கிடைத்ததை எல்லாம் எடுத்துக்கொண்டு வெளியே ஓடினார்கள்.

அப்பா எங்கள் வீட்டுக் கூரை ஓரத்தில் அண்டாவை வைத்துக்கொண்டிருந்தார். நான் அவரிடம் போனேன்.

"அப்பா, பாரதம் படிச்சதுனாலதானே மழை வந்துச்சு? அது உண்மைதானே?"

இல்லை என்பார் என்று எதிர்பார்த்தேன். வழக்கமாக யோசிக்காமலே சொல்கிறவர். அன்று எதிர்ப்பக்க லயத்தைப் பார்த்தார். அங்கே மாமா தன் வீட்டுத் தகரத்தின் கீழே வாளியோடு நின்றிருந்தார்.

"மாமாவைக் கேளு," என்றார்.

நடுவில் இருந்த களத்தைக் கடந்து மாமாவிடம் ஓடினேன். அதே கேள்வியைக் கேட்டேன். ஓர் அட்சரம் பொய் இல்லை என்று அடித்துச் சொல்கிறவர், நிரம்பிய வாளியை எடுத்துவிட்டு இன்னொன்றை வைத்தார். நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தார்.

"அப்பாவைக் கேளு," என்றார்.

திரும்பி ஓடினேன். அப்பா மறுபடி மாமாவைக் காட்டினார். மாமா மறுபடி அப்பாவைக் காட்டினார். இத்தனை நாளும் ஆளுக்கொரு பதிலைக் கையில் வைத்துக்கொண்டு சண்டை போட்ட இரண்டு பெரிய மனிதர்களுக்கும் ஒரே நாளில் என்ன ஆகிவிட்டது என்று எனக்குப் புரியவில்லை. இரண்டு கூரைகளுக்கும் நடுவே மாறி மாறி ஓடி, தொப்பலாக நனைந்ததுதான் மிச்சம்.